நுரையைப் பிடித்து வைத்தல்

நொதிக்கும் எந்தப் பானமும் நுரைக்கும். சீனி கலந்த நீர்மமொன்றில் மதுவம் எனப்படும் நுண்ணங்கி குடிபுகுந்தவுடன் அது சீனியை உண்டு அற்ககோலையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகிறது என்பதும், அந்த வாயு மேலெழும்போதே குமிழியும் நுரையும் தோன்றுகின்றன என்பதும், கிளிநொச்சியின் தவறணையில் ஊற்றப்படும் பனங்கள்ளுக்கும் வட இத்தாலியின் நிலவறைகளில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் விலையுயர்ந்த வைனுக்கும் ஒருங்கே பொருந்தும் உண்மைகளாகும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நுரை உண்டாவதில் இல்லை. உண்டான நுரையைப் பிடித்து வைப்பதில்தான் இருக்கிறது. கள்ளில் அது இலவசமாகத் தோன்றி இலவசமாகவே காற்றில் கலந்துபோகிறது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதைத் தடித்த கண்ணாடிக்குள் அடைத்து, குளிரில் கிடத்தி, சட்டத்தால் வேலியிட்டு, உலகச் சந்தையில் விற்கின்றனர். இந்த அடைத்துவைக்கும் கலைக்கு இத்தாலியில் 'மெத்தொதோ கிளாசிக்கோ' என்று பெயர். தமிழில் அதை மரபுமுறை எனலாம்.

மரபுமுறையை விளங்கிக்கொள்வதற்கு வன்னி வாசகர் நன்கறிந்த கள்ளிலிருந்து தொடங்குவது எளிது. பனையின் பாளையைச் சீவும்போது வடியும் சாறு தெளிவானது, இனிப்பானது, நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சீனி கொண்டது. ஆனால் அது முட்டியில் விழும் கணத்திலேயே முட்டியின் உட்சுவரிலும் பாளையின் வெட்டுமுகத்திலும் காற்றிலும் பூச்சிகளின் கால்களிலும் தங்கியிருக்கும் மதுவங்களும் பற்றீரியாக்களும் அதனுள் இறங்கி வேலையைத் தொடங்கிவிடுகின்றன. வன்னியின் வெப்பத்தில் அந்த வேலை மிக விரைவாக நடக்கிறது. மரத்திலிருந்து இறக்கும்போதே நுரை தள்ளும் கள், அன்று மாலைக்குள் கடுத்து, மறுநாள் புளித்து, மேலும் இரண்டொரு நாளில் வினாகிரியாகிவிடுகிறது. மதுவம் சீனியை அற்ககோலாக மாற்ற, அசற்றிக் அமில பற்றீரியாக்கள் அந்த அற்ககோலை ஒட்சிசனின் துணையுடன் புளிப்பாக மாற்றுகின்றன. இரண்டு தொழிலும் ஒரே முட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நடப்பதால், கள் எந்த மணித்தியாலத்திலும் நிலையான பொருளாக இருப்பதில்லை.

சீவல் தொழிலாளர்கள் இந்த நொதிப்பைத் தடுக்கும் வழியையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தே வைத்துள்ளனர். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் சாற்றின் காரத்தன்மை உயர்ந்து நுண்ணங்கிகளின் வளர்ச்சி முடங்குகிறது. அப்போது கிடைப்பது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஆகவே நொதிக்கவிட்டால் கள், தடுத்தால் கருப்பநீர் என்ற இரண்டு நிலைகளே மரபில் உண்டு. நொதிப்பை நடக்கவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, வாயுவை உள்ளேயே வைத்திருக்கும் மூன்றாவது நிலைக்கு மண்முட்டி இடந்தராது. பிற்காலத்தில் வந்த போத்தல் கள்ளும் மூன்றாவது நிலையை முழுமையாக எட்டவில்லை என்றே சொல்ல வேண்டும். அதில் கள்ளை வடித்து, வெப்பமூட்டி, மதுவத்தையும் பற்றீரியாவையும் கொன்று, அதன்பின்னரே பல மாதங்கள் கெடாத பொருளாக விற்கின்றனர். பாதுகாப்புக்கு அது நல்ல முறைதான். ஆனால் உயிருள்ள பானமொன்றை உயிரற்றதாக்கியே அது நீடித்திருக்கச் செய்கிறது. மரபுமுறை வைன் இதற்கு நேர்மாறான பாதையில் செல்கிறது: மதுவத்தை உயிருடன் போத்தலுக்குள் இட்டு, அது உள்ளேயே உண்டு, உள்ளேயே வாயுவை விட்டு, உள்ளேயே சாகுமாறு பார்த்துக்கொள்கிறது.

அந்தப் பாதையின் முதற்கட்டத்தில் கிடைக்கும் பொருள் சுவையானதன்று. திராட்சை முழுமையாகக் கனிவதற்கு முன்னரே, புளிப்பு மிகுந்தும் சீனி குறைந்தும் இருக்கும் நிலையில், பழம் பறிக்கப்படுகிறது. பழத்தை மெதுவாகப் பிழிந்து முதலில் வடியும் சாறு மட்டுமே உயர்ந்த வகைக்கு எடுக்கப்படும். கறுப்புத் திராட்சையிலும் நிறம் தோலில் மட்டுமே இருப்பதால், தோலுடன் ஊறவிடாமல் பிழிந்தால் வெள்ளைச் சாறே கிடைக்கும். பினோ நுவார் என்னும் கறுப்புத் திராட்சையும் சார்டனே என்னும் வெள்ளைத் திராட்சையும் ஒரே போத்தலில் சேர்வது இவ்வாறுதான். அச்சாறு தொட்டிகளில் நொதித்து, 10 அல்லது 11 வீத அற்ககோல் கொண்ட, குமிழியற்ற, நாக்கைக் கூசவைக்கும் புளிப்புள்ள வைனாகிறது. இதை அடிப்படை வைன் என்பர். பல தோட்டங்களின், சில வேளைகளில் பல ஆண்டுகளின், அடிப்படை வைன்களைக் கலந்து ஒரே சீரான சுவையை உண்டாக்குவதே ஆலையின் தலைமை வைன்காரரின் உண்மையான திறமை. மற்றவை பெரும்பாலும் ஒழுங்கும் பொறுமையும் சார்ந்தவை.

கலந்த வைனுக்குள் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 24 கிராம் சீனியும் புதிய மதுவமும் சேர்த்து, போத்தல்களில் நிரப்பி, சோடாப் போத்தலுக்குப் போடுவது போன்ற உலோக மூடியால் இறுக்கி, 10 முதல் 12 பாகை செல்சியஸ் குளிருள்ள நிலவறையில் படுக்கையாக அடுக்குகின்றனர். இதுவே இரண்டாம் நொதிப்பு. இந்த அளவு தற்செயலாக வந்ததன்று: லீற்றருக்கு 4 கிராம் சீனி ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தரும் என்பதால், 24 கிராம் சீனி ஆறு வளிமண்டல அமுக்கத்தைத் தருகிறது; இது மோட்டார் காரின் சக்கரத்தில் இருக்கும் காற்றமுக்கத்தின் இரண்டு மடங்குக்கும் மேலானது. ஒரு சாதாரணப் போத்தலுக்குள் இவ்வாறு கரைந்திருக்கும் வாயுவை வெளியே விரித்து அளந்தால் நான்கு, ஐந்து லீற்றர் வரும். சீனியைச் சற்றுக் கூட்டினால் கண்ணாடி வெடிக்கும். குறைத்தால் நுரை மெலியும்.

சில வாரங்களில் மதுவம் சீனியைத் தின்று முடித்து, உணவின்றி இறந்து, போத்தலின் பக்கச்சுவரில் வெளிறிய படிவாக அமர்கிறது. நொதிப்பு முடிந்துவிட்டதே, உடனே விற்கலாமே என்று தோன்றக்கூடும். மரபுமுறையின் உயிர்நாடியோ இதற்குப் பின்னரே தொடங்குகிறது. இறந்த மதுவக் கலங்களின் சுவர்கள் மெல்ல மெல்லச் சிதைந்து, அவற்றினுள்ளிருந்த புரதங்களும் அமினோ அமிலங்களும் பல்சக்கரைட்டுகளும் வைனுக்குள் கரைகின்றன. தன்சிதைவு எனப்படும் இந்த நிகழ்வே வைனுக்குப் புதிதாகச் சுட்ட பாணின் மணத்தையும், வாயில் தடித்துப் படியும் தன்மையையும், சிறியனவாகவும் நீடிப்பனவாகவும் எழும் குமிழிகளையும் தருகிறது. இதை விரைவுபடுத்த இயலாது. பதினைந்து மாதம், மூன்று ஆண்டு, சில உயர்ந்த வகைகளுக்குப் பத்து ஆண்டு என்று படிவின்மேல் கிடத்துவதைத் தவிர வேறு வழியில்லை. விற்பனைக்கு வராத இலட்சக்கணக்கான போத்தல்களில் முடங்கிக் கிடக்கும் முதலுக்கு வட்டி கட்டுபவர் யார் என்ற கேள்வியே, மரபுமுறை வைனின் விலையை வேறெந்த விளக்கத்தையும்விடத் தெளிவாக விளக்குகிறது.

கிடத்திய காலம் முடிந்தபின் படிவை வெளியேற்ற வேண்டும்; வாயு வெளியேறிவிடவும் கூடாது. இதற்கெனப் போத்தல்களைத் துளையிட்ட சாய்பலகைகளில் கழுத்துக் கீழாகச் செருகி, நாள்தோறும் சற்றே திருப்பி, சற்றே நிமிர்த்தி, ஆறு முதல் எட்டு வாரங்களில் படிவு முழுவதையும் மூடியின்மேல் இறக்குகின்றனர். கையால் திருப்பும் தொழிலாளர்கள் ஒரு நாளில் பல்லாயிரம் போத்தல்களைத் தொடுவார்கள். இன்று பெரும்பாலான ஆலைகளில் நூற்றுக்கணக்கான போத்தல்களை ஒரே கூட்டில் வைத்துத் திருப்பும் இயந்திரம் அதே வேலையை ஒரு வாரமளவில் முடித்துவிடுகிறது. பின்னர் போத்தலின் கழுத்தை மட்டும் உறைகுளிர் நீர்மத்தில் அமிழ்த்த, படிவு பனிக்கட்டித் துண்டொன்றினுள் சிக்குகிறது; மூடியைத் திறந்தவுடன் உள்ளமுக்கமே அத்துண்டைத் துப்பிவிடுகிறது. குறைந்த அளவை நிரப்புவதற்கு, வைனும் சீனியும் கலந்த சிறிது நீர்மம் சேர்க்கப்படுகிறது. இறுதியாகத் தக்கை, அதன்மேல் கம்பிக்கூடு. கடைசியில் சேர்க்கும் சீனியின் அளவே முகப்புச்சீட்டில் 'புருட்' போன்ற சொற்களாகக் குறிக்கப்படுகிறது: லீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் புருட், 6 கிராமுக்குள் எனில் எக்ஸ்ட்ரா புருட், 32 முதல் 50 வரை எனில் தெமி செக். 'எக்ஸ்ட்ரா டிறை' என்ற பெயர் கொண்டது புருட்டைவிட இனிப்பானது என்பது வாங்குபவர்களை நெடுங்காலமாகக் குழப்பிவரும் விந்தை.

இந்த முறையைத் தொம் பெரிஞோன் என்ற பிரெஞ்சுத் துறவி கண்டுபிடித்தார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது கதைதான், அவர் காலத்தில் ஷம்பெய்ன் பகுதியின் வைன்காரர்கள் குமிழியைக் குறைபாடாகவே கருதினர். 1662இல் இலண்டன் ரோயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் கிறிஸ்தோபர் மெரற் என்ற ஆங்கில மருத்துவர், வணிகர்கள் வைனுக்குச் சீனி சேர்த்து அதை நுரைக்கச் செய்வதைப் பதிவுசெய்துள்ளார். நிலக்கரி உலையில் வார்த்த ஆங்கிலக் கண்ணாடி, விறகு உலையில் வார்த்த பிரெஞ்சுக் கண்ணாடியைவிட வலிமையாக இருந்ததே அங்கு அது சாத்தியமானதற்குக் காரணம். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஷம்பெய்ன் நிலவறைகளில் போத்தல்கள் வெடித்துச் சிதறுவது வழமையாயிருந்தது. தொழிலாளர் இரும்பு முகமூடி அணிந்தே உள்ளே சென்றனர். கணவனை இழந்தபின் ஆலையை நடத்திய கிளிக்கோ அம்மையாரின் நிலவறையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாய்பலகை முறை உருவானதும், 1830களில் பிரான்சுவா என்ற மருந்தாளர் வைனில் எஞ்சியிருக்கும் சீனியை அளக்கும் வழியைக் கண்டதும் சேர்ந்தே, அச்சமூட்டிய ஒரு கைத்தொழிலைக் கணக்கிடக்கூடிய ஒரு கைத்தொழிலாக மாற்றின.

இத்தாலிக்கு இந்தக் கலை பிரான்சிலிருந்தே வந்தது. ரீம்ஸ் நகரில் தொழில் கற்றுத் திரும்பிய கார்லோ கான்சியா, 1865இல் பியெமொந்தே மாநிலத்தின் கனெல்லி என்ற ஊரில் இத்தாலியின் முதல் மரபுமுறை வைனை உருவாக்கினார்; அவ்வூரின் நிலத்தடிச் சுரங்க அறைகள் இன்று யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அடங்கிய நிலப்பரப்பின் ஒரு பகுதியாகும். ஆயினும் இத்தாலிய மரபுமுறையின் முகமாக அமைந்த ஆலை அதுவன்று. அல்ப்ஸ் மலையடிவாரத்தில், திரெந்தோ நகரில், 1902இல் தொடங்கப்பட்ட பெராரி ஆலையே அது.

பெயரைக் கேட்டவுடன் சிவப்புக் காரை நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: கார்த் தொழிற்சாலையை நிறுவிய என்ஸோ பெராரிக்கும் இந்த ஆலையை நிறுவிய ஜூலியோ பெராரிக்கும் எந்தத் தொடர்புமில்லை. இருந்தும் 2021 முதல் சில ஆண்டுகள் போர்முலா வன் பந்தயங்களின் வெற்றிமேடையில் ஷம்பெய்னுக்குப் பதிலாகத் தெளிக்கப்பட்டது இந்தத் திரெந்தோ வைன்தான் என்பதால், குழப்பம் குறைவதற்கு வாய்ப்பிருக்கவில்லை.

ஜூலியோ பெராரி, திரெந்தோவுக்கு அருகிலுள்ள சான் மிக்கேலே விவசாயக் கல்லூரியில் பயின்று, பிரான்சின் மொம்பெலியேயிலும் ஷம்பெய்ன் பகுதியின் எப்பெர்னேயிலும் மேலும் கற்று, சார்டனே திராட்சையைத் தம் ஊருக்குக் கொண்டுவந்து நட்டவர். அன்று திரெந்தோ இத்தாலியிலேயே இருக்கவில்லை; ஒஸ்ரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. ஷம்பெய்னின் சுண்ணக்கல் நிலம் அவரிடம் இல்லை, ஆனால் அதற்கு ஈடான ஒன்று இருந்தது: உயரம். மலைச்சரிவில் ஏறிச்செல்லும் திராட்சைத் தோட்டங்களில் பகல் வெயில் பழத்தைக் கனியவைக்க, இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காக்கிறது. புளிப்பின்றி மரபுமுறை இல்லை. ஆண்டுக்கணக்கான சேமிப்பைத் தாங்கி நிற்பது அந்தப் புளிப்பே. அவர் தம் வாழ்நாள் முழுவதும் மிகச் சிறிய அளவிலேயே உற்பத்தி செய்தார். பிள்ளைகள் இல்லாததால், 1952இல் அவர் ஆலையைத் திரெந்தோவில் வைன் கடை நடத்திய புரூனோ லுனெல்லியிடம் விற்றார். விற்றபின்னரும் 1965இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். லுனெல்லி குடும்பம் தலைமுறைகளாக ஆலையைப் பெருக்கியது. நிறுவியவரின் நினைவாக 1972ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து தொடங்கப்பட்ட சிறப்பு வைன் பத்து ஆண்டுகளளவு படிவின்மேல் கிடந்தபின்னரே இன்றும் விற்பனைக்கு வருகிறது. கடைக்காரர் ஒருவர் வாங்கிய ஆலை, விற்காமல் வைத்திருப்பதில் பெருமை கொள்ளும் ஆலையாக மாறியது வணிக வரலாற்றின் வியப்புகளில் ஒன்று.

திரெந்தோவுக்குத் தென்மேற்கே, இசெயோ ஏரிக்கரையில் உள்ள பிராஞ்சாகோர்த்தா பகுதியின் கதை இன்னும் குறுகியது. அங்கு 1961இல்தான் குயிதோ பெர்லூக்கி என்ற நிலவுடைமையாளரும் பிராங்கோ சில்யானி என்ற இளம் வைன் நிபுணரும் முதல் சில ஆயிரம் போத்தல்களை உருவாக்கினர். 1967இல் அப்பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பும், 1995இல் இத்தாலியின் உயர்ந்த தரப் பெயரும் கிடைத்தன. ஒரு தலைமுறைக்குள் ஒரு பிரதேசமே புதிய கைத்தொழிலுக்கு மாறியதில் ஆலைகளின் திறமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, சட்டத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. எந்த எல்லைக்குள் விளைந்த திராட்சை, எந்த வகை, எவ்வாறு பறித்தது, எத்தனை மாதம் படிவின்மேல் கிடந்தது என்பவற்றைச் சட்டமே வரையறுக்கிறது: பிராஞ்சாகோர்த்தாவின் சாதாரண வகைக்குக் குறைந்தது 18 மாதம், ஒரே ஆண்டு அறுவடைக்கு 30, உயர்ந்த ரிசெர்வாவுக்கு 60, திரெந்தோவில் இவையே 15, 24, 36. பொறுமையை இவ்வாறு மாதக்கணக்கில் சட்டமாக்கியதால், அவசரப்படும் ஆலை அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. 'ஷம்பெய்ன் முறை' என்ற தொடரைப் பிற பகுதியினர் முகப்புச்சீட்டில் எழுதுவதை ஐரோப்பிய ஒன்றியம் 1994 முதல் தடுத்துவிட்டதால் மரபுமுறை என்ற பெயர் நிலைபெற்றது. தடுக்கப்பட்டவர்கள் அதைத் தங்களின் பெருமையாகவே மாற்றிக்கொண்டனர்.

இத்தாலியில் விற்பனையாகும் நுரைவைனின் பெரும்பகுதி மரபுமுறையில் உருவாவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அஸ்தி நகரின் ஆய்வு நிலையத்தை நடத்திய பெதெரிக்கோ மர்த்தினொத்தி 1895இல் இரண்டாம் நொதிப்பைப் போத்தலில் அல்லாமல் அமுக்கம் தாங்கும் பெரிய தொட்டியில் நடத்தும் முறையை வகுத்தார். பிரெஞ்சுக்காரரான ஷர்மா அதைச் செம்மைப்படுத்தினார். சில வாரங்களிலேயே முடிந்துவிடும் இம்முறையில் பழத்தின் புதுமணம் மிஞ்சும், பாணின் மணம் வராது. உலகெங்கும் பெருமளவில் விற்கும் புரொசெக்கோ இவ்வகையைச் சேர்ந்தது. விலை மலிவு என்பதற்காக அதைத் தாழ்வாக எண்ணுவது பொருந்தாது. அது வேறொரு பானம்.

தெற்காசியாவில் மரபுமுறை வேரூன்றியது மகாராட்டிரத்தில். 1980களில் தொழிலதிபர் ஷியாம் சௌகுலே, பிரான்சின் பைப்பர்-ஹைட்சிக் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன், பூனாவுக்கு வடக்கே சகியாத்திரி மலைச்சரிவில் உள்ள நாராயண்காவில் ஆலை அமைத்து, மரபுமுறையில் நுரைவைன் தயாரித்தார். ஐரோப்பியச் சந்தையில் அது பாரசீகக் கவிஞர் உமர் கயாமின் பெயரில் விற்கப்பட்டது. இந்தியாவிலிருந்து நுரைவைனா என்று ஐயத்துடன் சுவைத்த இலண்டன் விமர்சகர்கள் பாராட்டினர். ஆனால் அதே குழுமம் பின்னர் வெளிநாடுகளில் நிறுவனங்களை வாங்கிக் கடனில் மூழ்கி, 2008இன் உலக நிதி நெருக்கடிக்குப் பின் சரிந்தது. முதலைப் பல ஆண்டுகள் முடக்கிவைக்கும் தொழிலில் கடன் எவ்வளவு கொடிய எதிரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இத்தாலியத் தொடர்பு நேரடியாக வந்தது சோலாப்பூர் மாவட்டத்தின் அக்லூஜ் ஊருக்கு. அங்கு புளோரன்ஸ் பகுதியைச் சேர்ந்த செச்சி சகோதரர்கள், தில்லியின் செக்ரி சகோதரர்கள், அக்லூஜின் மோகித்தே-பாட்டீல் சகோதரர்கள் ஆகிய மூன்று குடும்பங்கள் இணைந்து 2000களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆலைக்கு 'பிரதெல்லி', அதாவது சகோதரர்கள், என்று இத்தாலியப் பெயரே சூட்டப்பட்டது. தஸ்கனியின் வைன் நிபுணர் பியெரோ மாசி அதற்கு வழிகாட்டினார். ஐரோப்பாவிலிருந்து இலட்சக்கணக்கான திராட்சைக் கன்றுகள் கொண்டுவந்து நடப்பட்டன. அதன் நுரைவைனுக்குச் செனின் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை பயன்படுகிறது. வெப்பத்திலும் புளிப்பை எளிதில் இழக்காத வகை அது என்பதால், நாசிக்கின் சுலா ஆலையும், 2013இல் நாசிக் அருகே திந்தோரியில் கால்பதித்த பிரெஞ்சு ஷண்டோன் நிறுவனமும் அதையே பெரிதும் நாடின. மகாராட்டிர அரசு 2001இல் திராட்சை பதனிடும் கைத்தொழிலுக்கென வகுத்த கொள்கையும் வரிச்சலுகைகளும் இல்லாதிருந்தால் இவற்றுள் பல தோன்றியே இருக்கமாட்டா.

வெப்பமண்டலத்தில் இது சாத்தியமானதன் இரகசியம் கத்தரிப்பில் உள்ளது. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்ததும் திராட்சைக் கொடி தானே உறங்கி, இளவேனிலில் விழித்து, இலையுதிர் காலத்தில் பழம் தருகிறது. தக்காணத்தில் உறக்கம் இல்லை. கொடி விட்டால் ஆண்டு முழுவதும் வளரும். ஆகவே ஏப்ரலளவில் ஒருமுறையும், மழை ஓயும் செப்டெம்பர்-ஒக்டோபரில் மறுமுறையும் கொடியைக் கத்தரித்து, பழம் வறண்ட குளிர்மாதங்களில் கனியுமாறு காலத்தைத் திருப்பிவிடுகின்றனர். தை, மாசியில் நாசிக்கின் இரவுகள் பத்துப் பாகையளவுக்குக் குளிர்கின்றன. விடியுமுன் பறித்த பழத்தை வெயில் ஏறுமுன் குளிரறைக்குள் சேர்த்துவிட வேண்டும். நிலவறையின் குளிரை இங்கு நிலம் தருவதில்லை, மின்சாரமே தருகிறது.

தமிழர் வாழும் பகுதிகளிலும் திராட்சை புதிதன்று. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. யாழ்ப்பாணத்தின் செம்மண்ணிலும் கிணற்றுநீரைக் கொண்டு திராட்சைப் பந்தல்கள் நெடுங்காலமாகவே போடப்பட்டு வருகின்றன. இவை உண்பதற்கான பழங்கள். வன்னியில் மரபுமுறை நுரைவைனுக்கான திராட்சை வளருமா என்று கேட்டால், கொடி வளரும், பழமும் காய்க்கும், ஆனால் வேண்டிய புளிப்பு மிஞ்சாது என்பதே நேர்மையான விடை. பழத்தின் மலிக் அமிலத்தை வெப்பமான இரவில் கொடி தானே சுவாசத்தில் எரித்துவிடுகிறது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மார்கழி, தை மாத இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. உயரமும் இல்லை. இரணைமடுக் குளத்து நீர் நெல்லுக்கே போதாதிருக்கும் ஆண்டுகளில் திராட்சைக்குப் பங்கு கேட்பதும் நியாயமன்று. அதற்கு மேல், மதுவால் குடும்பங்களின் வருமானம் கரைவது குறித்து வன்னிப் பெண்கள் எழுப்பும் குரல் புறந்தள்ளக்கூடியதன்று. புதிய மதுத் தொழிலொன்றை இங்கு பரிந்துரைப்பவர் அக்குரலுக்கு முதலில் விடை சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஏற்கெனவே இங்கிருக்கும் பனங்கள்ளையே மரபுமுறையில் போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவிட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாக எழும். அதற்கும் இயற்கை குறுக்கே நிற்கிறது. திராட்சைச் சாற்றின் கடும் புளிப்பு கெடுதல் பற்றீரியாக்களைத் தூரத்தில் வைத்து மதுவத்துக்குத் தனியாட்சி தருகிறது. பனஞ்சாறு இறங்கும்போது புளிப்பற்றது, ஆகவே அதில் மதுவம் ஒருபோதும் தனியாக ஆள்வதில்லை. வைனில் 10 வீதத்துக்கு மேலான அற்ககோலே ஒரு காப்பு. கள்ளில் ஐந்து வீதமளவே உள்ளது. இத்தகைய நீர்மத்தை உயிருள்ள நுண்ணங்கிகளுடன் ஆண்டுக்கணக்காக அடைத்துவைத்தால் பாணின் மணம் வராது, புளித்த நாற்றமே வரும். சீனி எஞ்சியிருந்தால் போத்தலும் தங்காது. பனஞ்சாற்றுக்கு நீண்ட ஆயுளைத் தருவதற்கு மரபு கண்டுபிடித்த வழி வடித்தல்தான்: கள்ளைக் காய்ச்சி வடித்த பனஞ்சாராயம் ஆண்டுகள் கடந்தும் கெடுவதில்லை.

எனினும் இத்தாலிய நிலவறைகளிலிருந்து பனைத்தொழில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. அது நொதிப்பு முறையன்று, குளிர். இன்று வன்னிக் கள்ளின் விலை அது மரத்திலிருந்து இறங்கிய மணித்தியாலத்திலிருந்தே சரியத் தொடங்குகிறது. பருவகாலத்தில் விற்காமல் மிஞ்சும் கள்ளுக்குச் சீவல் தொழிலாளி பெறும் விலை மிகச் சொற்பம். பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவாக்கப்பட்டதற்கும், பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சேகரித்துப் போத்தலில் அடைப்பதற்கும் இந்தச் சிக்கலே பெரிதும் பின்னணியாக உள்ளது. ஆனால் சாறு சங்கத்தின் வாசலை அடையும்போதே பாதி மாறிவிட்டிருக்கிறது. காலையும் மாலையும் கறக்கும் பாலுக்குக் கிராமங்களில் குளிரூட்டும் நிலையங்கள் உண்டு. காலையும் மாலையும் இறக்கும் சாற்றுக்கு அவை இல்லை. மதுவத்தின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது என்பதால், இறக்கியவுடன் 4 பாகையளவுக்குக் குளிர்த்தப்படும் சாறு, கருப்பநீராக விற்பதா, இளங்கள்ளாக விற்பதா, பனங்கட்டிக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க வேண்டிய கால அவகாசத்தைச் சங்கத்துக்குத் தரும். சுண்ணாம்பின் சுவையேறாத இனிய கருப்பநீரையும் அதனால் நகரச் சந்தைக்கு அனுப்ப இயலும். பளையிலும் பூநகரியிலும் பனை அடர்ந்த ஊர்களில், பால் சேகரிக்கும் பாதையிலேயே இதற்கான சிறு தொட்டியொன்றை வைத்துப் பார்ப்பதற்கு நிலவறையும் வேண்டாம், பத்தாண்டுக் காத்திருப்பும் வேண்டாம். தடையற்ற மின்சாரமும், இரண்டு வேளையும் தவறாமல் வரும் வண்டியும், மதுவரித் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.